சோபியா பக்கத்துக் குழாய்

ஜன்னல், கேட், மாடிப்படிக் கைப்பிடி, எதுவானாலும் இத்தனை இரும்பு பிடிக்கும் என்று ஆல்பர்ட் சொன்னால் சொன்னதுதான். வேலை முடிந்த இடத்தில் ஒரு முழத் துண்டு மிஞ்சினால் அவர் முகம் சுருங்கிவிடும். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில் இருபத்தாறு வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஆளைப் பார்க்காமல் அளவெடுக்க மாட்டார். ஜன்னல் என்றால் அந்த வீட்டின் ஆகச் சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார். கம்பிகளுக்கு நடுவே அந்தத் தலை நுழையக் கூடாது. ஊரில் பாதிப் பிள்ளைகளின் மண்டை அளவு அவருக்குத் தெரியும்.

ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது மட்டும் எட்டு மாதமாகியும் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சியது.

செங்கல்பட்டில் இருக்கும் மகள் ஷீபாவின் பிரசவத்துக்கு, பதினைந்து நாளில் வருகிறேன் என்று போன மனைவி சோபியா இன்னும் திரும்பவில்லை. குழந்தை தவழவே தொடங்கிவிட்டது. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் ஆல்பர்ட் காரைக் காட்டுவார். சோபியா போவதற்கு முந்தின மாதம், தென்னேரி ஏரிக்கரைத் திருப்பத்தில் ஓர் எருமைக்கு வழிவிடப் போய் அது குப்புறக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த இருவருக்கும் கீறல் இல்லை. எருமைக்கும் இல்லை. சோபியா உட்கார்ந்திருந்த பக்கம் கூரை மட்டும் ஒரு கை ஆழத்துக்கு அமுங்கியிருந்தது.

“இனிமே அந்த டப்பாவுல ஏறமாட்டேன்” என்றாள் சோபியா. முப்பது வருஷத்தில் அவள் சொன்ன எத்தனையோ குறைகளில் ஆல்பர்ட் காதில் தங்கியது இது ஒன்றுதான். வெல்டிங்கால் தீரக்கூடிய குறை இது ஒன்றுதான் என்பதும் காரணமாக இருக்கலாம்.

பந்தயக் கார்களுக்குள் ஓர் இரும்புக் கூண்டு இருப்பதை அவர் போனில் பார்த்தார். கார் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் உள்ளே இருப்பவர் இறங்கி நடந்து வருகிறார். அன்றைக்கே காருக்குள் ஏறி, தடித்த கம்பியைக் கூரையோரமாக வளைத்துப் பார்த்தார். வளைத்ததை வெளியே எடுத்து நிமிர்த்தித் தரையில் கிடத்தினால் குழாயின் நீளம் வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக்குப் பதினோரு அடி. கூரையோரமாகப் போய் முன்கண்ணாடி அருகே இறங்குவதற்குப் பக்கத்துக்கு ஏழரை. முட்டுக் குழாய், கதவுக் குழாய், குறுக்குக் குழாய் என்று எல்லாம் சேர்த்து ஐம்பத்தொன்பதரை. குழாய் வருவது இருபதடி லென்த்தாக. மூன்று லென்த்து போதும்.

சாக்பீஸை வைத்துவிட்டு எழுந்தபோதுதான் உறைத்தது. கம்பியை வளைத்ததெல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி. மறுபக்கத்துக்கும் தன் தலையையே கணக்கு வைத்திருக்கிறார். அமுங்கிய கூரைக்குக் கீழே குழாய் போனால் சோபியாவின் தலை இடிக்குமா? அவள் உட்கார்ந்தால் எவ்வளவு உயரம்? ஊர்ப் பிள்ளைகளின் மண்டையெல்லாம் தெரிந்த மனிதருக்கு அது தெரியவில்லை. போன் போட்டார்.

“சோபியா, நீ சீட்ல குந்தினா தல உச்சி வரிக்கும் எவ்ளோ ஒயரம் வரும்?”

அந்தப் பக்கம் குழந்தை கத்தியது. “இன்னாய்யா, எனுக்குப் பொட்டி எதுனா செய்றியா?”

“வாயக் கழுவு. கூண்டு. கார் உள்ள பைப்பு வெச்சி. நீ ஏர்றதுக்கு.”

“நான் ஏர்றேன்னு எப்ப சொன்னேன்?”

“பயந்துக்கினு கீறியே, அதான். இது போட்டா யான ஏறி நின்னாலும் நசுங்காது.”

“யான எதுக்குய்யா அதுமேல ஏறுது?”

சோபியாவின் குரல் இறங்கியது.

“எட்டு மாசமா போன் பண்ற. கண்ணாடி மாத்தினேன், டயர் மாத்தினேன், இப்ப பைப்பு. வூட்டுக்கு வாடீன்னு ஒரு தபா சொன்னியா? சொல்லியிருந்தா பஸ் புடிச்சி வந்திருப்பேன்யா.”

ஆல்பர்ட் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“சாப்ட்டியா?” என்று வந்தது.

“சாப்ட்டேன். நீ?”

“மிச்சம் கீது.”

“சரி, வெக்கிறேன்” என்றாள் சோபியா. வைத்துவிட்டாள்.

அன்று அவர் கம்பியைத் தொடவில்லை.

மறுநாள் காலை பட்டறை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு, கிழமை புதனாக இருந்தும், ஆல்பர்ட் பஸ் ஸ்டாண்டில் நின்றார். வீட்டுக்கு வா என்று சொல்லப் போன் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. எதிரே நின்று சொன்னால் வருமா என்பதும் நிச்சயமில்லை. இரும்புக் கடை தாமோதரன் பார்த்துவிட்டுக் கடையிலிருந்தே கத்தினார்.

“இன்னா ஆல்பர்ட்டு, லாரி இன்னிக்கி மெட்ராஸ் போவுது. பைப்பு எத்தினி லென்த்துன்னு சொல்லவே இல்லியே?”

“தெர்லப்பா.”

இருபத்தாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பதிலைத் தாமோதரன் கேட்டதில்லை. “தெர்லியா? உனுக்கா?”

செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது.

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று ஆல்பர்ட் ஏறினார்.