குதிரை அடித்த பறை

வெம்பிளியில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் மாஸ்கோவில் படித்தவர். ஒரு ரஷ்யக் கவிஞனின் தேவதைக் கதைப் பாடலைத் தமிழாக்கிச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பியவர். சைபீரியாவில் பிறந்த அந்தக் கவிஞன் மாணவனாக இருந்தபோதே அதை எழுதிப் புகழ்பெற்றான். அது அவனுக்கு யாரோ பெரிய கவிஞர் எழுதிக் கொடுத்தது என்றார்கள் சிலர்.

இன்று புத்தகம் வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் என்று பதிப்பாசிரியரின் பெயர் இருக்கிறது.

"இதைப் பாருங்கோ அண்ணை. குதிரை பறையும் எண்டு எழுதினனான். பேசும் எண்டு அர்த்தம். அந்தாள் குதிரையின்ர கையில பறையைக் குடுத்து அடிக்க விட்டிருக்கிறார்!"

"அவரிடம் கேட்டீர்களா?"

"ஓம். கடையில நிக்கிற பிள்ளைக்கு ரஷ்யன் தெரியுமோ எண்டு சிரிக்கிறார்."

நான் ஒரு பிரதி கேட்கிறேன். அந்தப் பெண் அதில் பதிப்பாசிரியரின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுகிறார். பேனா முனை தாளைக் கிழிக்கிறது.