எரிமலைப் புகை கலையும் மாதம்

எங்கள் ஏரி நிரம்பாமல் போனதற்கு எங்கோ வெடித்த ஓர் எரிமலைதான் காரணம் என்று அப்பாவிடம் சொன்னவள் நான். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். அம்மா டவுனில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைச் சுரண்டித் துடைக்கிற வேலை. அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் எரிமலையைக் காகிதக் கூழில் செய்வார்களாம். எங்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. அம்மா கொண்டுவந்த களிமண்ணில் நான் பிடித்த மலை, ஃபியூஸ் கட்டைகளோடு சூளைக்குள் போய் வெள்ளை வெளேரென்று வெந்து வந்தது. அதன் வாயில் சோடா உப்பைப் போட்டு வினிகரை ஊற்றிப் பொங்க வைத்துவிட்டு, அறிவியல் சார் விளக்கினார். பெரிய எரிமலை வெடித்தால் சாம்பல் சீக்கிரமே கீழே விழுந்துவிடும். கூடவே கிளம்பும் கந்தகப் புகைதான் வானத்தின் உச்சியில் மெல்லிய திரையாக ஓரிரு வருடம் நிற்கும். வெயில் குறையும், சில நாடுகளில் மழை தவறும், ஏரிகள் வற்றும் என்றார். எல்லா வறட்சிக்கும் எரிமலையைக் காரணம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். அது சுவாரசியமாக இல்லாததால் அதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

முந்தின வருடம் எங்கள் ஏரி நிரம்பவே இல்லை. அந்த வருடமும் புரட்டாசி பிறந்தும் மதகுக்குக் கீழேதான் தண்ணீர் கிடந்தது. ஊரில் எல்லோரும் உளுந்து விதைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அதையே சொன்னாள்.

"ஏரிய நம்பாதீங்க. உளுந்தப் போட்டா கஞ்சிக்காவது ஆவும்."

நாற்றங்காலில் நாற்று பறிக்கிற பதத்தில் நின்றது. அப்பாவுக்கு அதை விட மனமில்லை. நான் எரிமலைக் கதையைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். அதுவரை என் படிப்பில் அவர் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

"அந்தப் பொகை எப்ப கலையுமாம்? நாளைக்கு ஒங்க சாரக் கேட்டுட்டு வா பாப்பா."

மறுநாள் ஆசிரியர்கள் அறை வாசல்வரை போனேன். சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் ஒருவர் என்ன வேண்டும் என்று கேட்டதும் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அப்பா நின்றிருந்தார். எனக்காக அவர் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. வெறுங்கையோடு இறங்க எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

"என்ன சொன்னாரு?"

"ஐப்பசிக்குள்ள கலைஞ்சிடுமாம்ப்பா. அப்புறம் நல்ல மழையாம்."

ஏன் ஐப்பசி என்றால், தீபாவளி அந்த மாதத்தில் வரும். எனக்குத் தெரிந்த நல்ல மாதம் அது ஒன்றுதான். அப்பா டீக்கடையில் எனக்கு ஒரு கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே ஏரியில் கிடந்த தண்ணீரை இறைத்து நெல் நட்டார்.

ஐப்பசியில் நாலு நாள் தூறியது. கார்த்திகையில் அதுவும் இல்லை. ஏரி குட்டையாகி, ஆட்கள் இறங்கிக் கையாலேயே மீன் பிடித்தார்கள். அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து வயலின் ஒரு மூலைக்கு மட்டும் ஊற்றினார். ஒன்றரை ஏக்கருக்குக் குடத்தால் ஊற்ற முடியாது என்பது எனக்கே தெரிந்தது. அவரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. மார்கழியில் கதிர் வராத பயிருக்குள் மாட்டை ஓட்டி விட்டார்.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார். "ஊரே உளுந்து போட்டுச்சு. ஒன்ன யாருய்யா நெல்லு நடச் சொன்னாங்க?"

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"எம் புத்திதான். வேற யாரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா என் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை, பெரியவர்கள் பிள்ளைகள் பேச்சைக் கேட்டு நெல் நட மாட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு வரப்பில் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதுகூட ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வருடம் நிலம் கைமாறியது. அப்பாவும் அம்மாவின் கம்பெனியிலேயே சூளைக்குச் சரக்கு ஏற்றப் போனார். வெயிலில் வேலை செய்து பழகியவருக்குச் சூளை வெக்கையும் மண் தூசியும் ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமி, போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள். அந்தப் புரட்டாசியில் உளுந்து மூட்டையை வாசலில் இறக்கி வைத்து அழுது பார்த்தாளாம். அப்பா கேட்கவில்லையாம்.

"பாப்பா சாரக் கேட்டுட்டு வந்து சொல்லியிருக்குது, அது பொய் சொல்லாதுன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது?"

நான் யாரையும் கேட்கவில்லை என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.