கிண்ணத்தில் ஊற்றிய வீட்டு ஒயின்

ஆந்திராவில் புத்தூர் பக்கம் எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலுக்கு நான்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பேன். பூசைக்கு அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைப்பேன்.

எதிர்வீட்டுக்காரர் போன வருஷம் தவறிப்போனார். கிறிஸ்துமசுக்கு வீட்டில் ஒயின் போடுவார். திருப்பதி மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை வாங்கி, சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்து ஜாடியில் கட்டி வைப்பார். கடைசியாகப் போட்டதில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அவருடைய வருஷப் பூசையன்று காலையில் அவர் மனைவி அதை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தார்.

"அண்ணா, இன்னிக்கு பூசைக்கு இத ஊத்துண்ணா. அவரு கையால போட்டது."

"ஃபாதரக் கேக்கணும்மா."

"திராட்சைதானே? இதுல கேக்கறதுக்கு என்னா கீது?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. கேட்டால் வேண்டாம் என்பார் என்றும் பட்டது. அதனால் கேட்கவில்லை. குப்பியில் ஊற்றி வைத்தேன்.

பூசையில் ஃபாதர் நன்மை எடுக்கும், அதாவது அப்பமும் ரசமும் உட்கொள்ளும் நேரம். கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு குடித்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கோயில் பாட்டிலைக் கொண்டுவந்தேன். கிண்ணத்தில் இருந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டினார். புது ரசமும் துளித் தண்ணீரும் விட்டு, கிண்ணத்துக்கு உண்டான வார்த்தைகளை மட்டும் திரும்பச் சொன்னார். ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா முன்வரிசையில் கைகூப்பியபடி இருந்தார்.

பூசை முடிந்து உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டார். ஃபாதர் தெலுங்குக்காரர்.

"ஏமய்யா, கிராம்பு வாசனை அடிக்குது. பூசை வெச்சியா, பிரியாணி போட்டியா?"

நடந்ததைச் சொன்னேன். கோபம் போய் உட்கார்ந்துவிட்டார்.

"பூசை எப்படிப் பண்ணணும்னு திருச்சபைச் சட்டத்துல முழுசா இருக்காதய்யா. அது பூசைப் புத்தகத்துல இருக்கு. அதுக்காக அது சட்டம் இல்லன்னு ஆகாது. அதுவும் கட்டுப்படுத்தும். ஆனா சிலதைச் சபைச் சட்டமே கெட்டியா சொல்லுது. அப்பம்னா கோதுமை. ரசம்னா திராட்சை, கெட்டுப்போகாதது. வேற எதுவும் கலக்கக் கூடாது. தப்பு நடந்துபோச்சுன்னா எப்படிச் சரிபண்றதுன்னு பூசைப் புத்தகம் சொல்லுது. அதத்தான் பண்ணேன்."

"அப்போ அவரு பூசை?"

"பூசை செல்லும். அந்த ஒயின் அதுல சேராது. அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."

அந்தம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபாதரு அத குடிச்சாருல்லண்ணா?"

"குடிச்சாரு" என்றேன். பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தம்மா தெரு முழுக்கச் சொல்லி சந்தோஷப்பட்டார். கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு பொம்பளை, மாமியார் பூசைக்கென்று பாட்டிலோடு வந்து நின்றாள்.

"சட்டம் ஒத்துக்காதும்மா."

"அவங்க ஊட்டுதுன்னா ஒத்துக்கிச்சா? எங்க ஊட்டுது இன்னா, கொழாத் தண்ணியா?"

அவளிடம் காரணம் சொன்னால் அந்த வாயிலிருந்துதான் எதிர்வீட்டுக்குப் போகும். ஃபாதரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

அந்தம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த புடவையை மறுபடி உதறி மடித்தார்.

"அப்போ ஃபாதரு குடிச்சது?"

"அது வெறும் ஒயினும்மா. பூசையில சேரல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ண்ணா. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே."

தப்பு என் மேல்தான், ஊத்தச் சொன்ன உங்கள் மேல் இல்லை என்றேன். அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

புடவையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஃபாதரு நல்லா இருக்குதுன்னாரா?"

"கிராம்பு வாசனை தூக்குதுன்னாரு."

"அவரு எப்பவும் ஒரு பிடி ஜாஸ்திதான் போடுவாரு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார்.