சத்தமில்லாமல் பேசி அனுப்புங்கள்

அறிவுச்செல்வியின் குரலை ஏழு வருஷமாக மாதம் ஒரு தடவை கேட்டு எழுதியவன் நான். நாகல் நகரில் எனக்கு ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடை. எங்கள் சபையின் ஜெபமடலைத் தயாரிப்பதும் நான்தான். ஒரே தாள், இரண்டு பக்கம். மேலே ஊழியச் செய்தி, கீழே ‘ஸ்தோத்திரத்துக்கு’ என்று நாலு வரி, ‘ஜெபத்துக்கு’ என்று நாலு வரி. அதற்குமேல் ஒரு சொல் போனாலும் எனக்குப் பிடிக்காது. பொன்னுத்துரை கையில் சிக்கினால் வேதத்தில் இருக்கிற சங்கீதத்தையே சுருக்கிவிடுவான் என்று போதகர் கேலி செய்வார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அறிவு சாணார்பட்டிப் பக்கத்துப் பெண். வீட்டில் பூ விவசாயம். மல்லிகை பறித்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். நர்ஸ் படிப்பு முடித்து, மணிமாறனைக் கட்டிக்கொண்டு, ஒரு வயசு வினிதாவோடு மலாவி நாட்டுக்கு மிஷனரியாகப் போனாள். சபையே அழுது வழியனுப்பியது. அவள் மட்டும், “அங்க இட்லி அரிசி கிடைக்குமான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள்.

மாதம் பிறந்தால் அங்கிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வரும். பாதி ஊழியம், பாதி வீடு. குக்கர் விசில் அடிக்கும், கோழி கத்தும், நடுவில் வினிதா வந்து எதையாவது கேட்பாள். “இருடி, அம்மா பேசுறேன்ல” என்று இவள் அதட்டுவாள். “இன்னிக்கு மக்காச்சோளக் களிக்குக் கத்தரிக்கா வெஞ்சனம் வச்சேண்ணே, பிள்ளை ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டா” என்பாள். இதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, எத்தனை கிராமம், எத்தனை பேர் ஞானஸ்நானம் என்று மட்டும் எழுதுவேன். களிக்கும் கத்தரிக்காய்க்கும் எவன் முழங்கால் போட்டு ஜெபிப்பான் என்பது என் கணக்கு. ஒருநாள் பொறுமை போய், “சத்தமில்லாத இடத்துல இருந்து பேசி அனுப்பும்மா, எழுத முடியல” என்று சொல்லியும் விட்டேன். அடுத்த மாதத்திலிருந்து செய்தியில் அவள் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

போன வருஷம் அங்கே மழைக்காலத்தில் வினிதாவுக்கு மலேரியா. மூன்றே நாள். எட்டு வயசு. ‘மிஷனரி குடும்பத்தின் ஆறுதலுக்காக’ என்று அந்த மடலில் எழுதினேன். ஜெபத்துக்கு என்ற பகுதியில் மூன்றாவது வரி.

இந்தப் பங்குனியில் இருவரும் விடுப்பில் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவு சாட்சி சொல்வதாக ஏற்பாடு. அதற்கு முந்தின புதன்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“நான் அனுப்புனதெல்லாம் வச்சிருக்கீங்களாண்ணே? எங்க போன் ரெண்டும் அங்கயே திருடு போயிருச்சு. போட்டோ கொஞ்சம் இருக்கு. அவ குரல் எங்கயும் இல்ல. உங்களுக்குப் பேசுனதுல அவ நடுநடுவுல பேசியிருப்பா.”

போனில் இடம் பற்றவில்லை என்று, தட்டச்சு முடித்த கையோடு ஒவ்வொன்றையும் அழித்தவன் நான். “தேடிப் பாக்குறேம்மா” என்றேன். அது பாதிப் பொய்.

அன்றிலிருந்து கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் ஒரு பிள்ளை எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. மெஷினை நிறுத்தினால் ஒன்றுமில்லை. ஓட்டினால் மறுபடி கேட்கும். பிரதி எடுக்க வந்த ஒருவர், நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, “யாரத் தேடுறீங்க?” என்று கேட்டேவிட்டார். வினிதா என்னதான் கேட்பாள் என்று எவ்வளவு யோசித்தும் ஒரு சொல் நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் காதில் விழுந்த குரலை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, மேசைக்கடியில் கிடந்த என் பழைய போனை மொபைல் கடையில் கொடுத்து உயிர்ப்பித்தேன். ஒரே ஒரு செய்தி அழியாமல் தப்பியிருந்தது. தனியாகக் கேட்கப் பயம். அறிவை வரச்சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் வந்தாள். போட்டேன். முதலில் அவள் குரல்தான். “வினி, செத்த நேரம் வெளிய போய் விளையாடு. பொன்னுத்துரை மாமாவுக்குச் சத்தம் ஆகாது.” பிறகு கதவுப் பக்கமிருந்து ஒரு பிள்ளைக் குரல். “முடிச்சிட்டு என்னையக் கூப்பிடும்மா.” கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் ஆறு நிமிஷம் ஊழியச் செய்தி, ஓர் இரைச்சல் இல்லாமல், நான் கேட்டுக்கொண்டபடியே.

கடைசியில் பிள்ளையைக் கூப்பிடுகிறாளா என்றுதான் காத்திருந்தோம். ‘ஆமென்’ என்றதோடு நின்றுவிட்டது.

“என்னைய மன்னிச்சிரும்மா” என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிள்ளை பேசுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு நான் மேடையேற மாட்டேண்ணே. நான் சொல்றத அடிச்சுக் குடுங்க, அவரு வாசிக்கட்டும். ஸ்தோத்திரத்துக்கு மட்டுந்தான். ஒண்ணையும் வெட்டிராதீங்க.”

சொன்னாள். தலை பின்னும்போது வினிதா தினமும் நெளிந்துகொண்டே இருந்ததற்காக. கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டதற்காக. தோசை கல்லோடு ஒட்டிப்போன ஒரு காலைவேளைக்காகவும், அதை அவள் கரண்டியால் சுரண்டித் தின்றதற்காகவும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதற்காக.

“அம்புட்டும் நடந்துக்கிட்டிருந்தப்ப ஒரு நாளும் நான் நன்றி சொல்லலண்ணே. பெருசா ஏதாச்சும் நடந்தாத்தான் சொல்லணும்னு நினைச்சிருந்தேன்.”

ஓர் எழுத்து விடாமல் அடித்தேன். ஒரு தாள் நிறைந்து இரண்டாவது தாளுக்குப் போனது.

“கடைசியா ஒண்ணு” என்றாள். “பேசி முடிச்சிட்டு நான் அவளக் கூப்பிட்டதுக்காக.” சொன்னவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கூப்பிட்டிருப்பேன்லண்ணே?”

“நீ கூப்பிட்டம்மா” என்றேன். அதையும் அடித்தேன்.