தூளிக்கு ஏற்ற துணி

முந்தின ஆனியில் ஆவுடையார்கோவில் திருவிழாவுக்குப் புறப்பட்ட எங்கள் குடும்பம் பாதி வழியில் திரும்பியதற்குக் காரணம் நான்தான். தங்கியிருந்த தோப்பில் என்னைத் தேள் கொட்டிவிட்டது. ஆகவே அடுத்த வருஷம் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதென்று அப்பா முடிவு செய்தார். கொட்டியது தேள், தண்டனை எனக்கு.

இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து நடந்துபோகிறவர்கள் வழியில் தோப்புகளில்தான் தங்க வேண்டும். தரையில் படுத்தால்தானே தேள்? பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்த மாமா, அங்கே மரத்துக்கு மரம் துணியைக் கட்டித் தூங்கியதாகச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே தூங்குகிறேன் என்றேன். பெரிய பாப்பாவுக்குத் தூளி கட்டப் போகிறார்கள் என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். அப்பா மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

"துணி ஒன்னத் தாங்கணும். அந்தத் துணிய நீ சுமக்கணும். ரெண்டும் முடிஞ்சா வா."

கூட வரும் மாட்டுவண்டியில் அரிசிக்கும் பாத்திரத்துக்குமே இடம் சரியாக இருக்கும். அவரவர் படுக்கை அவரவர் தலையில்.

அது சண்டைக்காலம். கடையிலேயே துணி ரேஷனில் அளந்துதான் கிடைத்தது. வீட்டில் இருப்பதைத்தான் தேட வேண்டியிருந்தது. சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கொல்லையில் இரண்டு வேம்புக்கு நடுவே கட்டினேன். தாங்கியது. ஆனால் அதைச் சுருட்டித் தலையில் வைத்துக் கண்மாய்க்கரை போவதற்குள் கழுத்து இறங்கிவிட்டது. ஜமுக்காளம் அதைவிட மோசம். அம்மாவின் பழைய நூல்சேலை பூப்போல இருந்தது. ஏறிப் படுத்ததும் டர்ரென்று கிழிந்து என்னைத் தரையில் போட்டது. கொல்லையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

என்னைத் தூக்கிவிட்டவள் சின்னம்மா. அம்மாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே சித்தப்பா காய்ச்சலில் போய்விட, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். அவள் உள்ளே போய்த் தன் தகரப்பெட்டியைத் திறந்து, அரக்குச் சிவப்பில் தன்னுடைய கல்யாணக் கூறைப்பட்டை எடுத்து வந்தாள்.

"இது லேசுதான். ஆனா அறாது."

அம்மா அதிர்ந்துபோய், "அதையாடி?" என்றாள்.

"பெட்டிக்குள்ள கெடந்து மடிப்பு மடிப்பா இத்துப்போவுதுக்கா. தொங்கட்டுமே."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். சின்னம்மா பட்டை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் கொசுவிக் கயிற்றில் முடிந்தாள். நான் ஏறினேன். சந்தேகம் தீராமல் அண்ணனும் ஏறினான். வேப்பங்கிளைதான் முனகியது, துணி அசையவில்லை. அவிழ்த்துச் சுருட்டினால் ஒரு பரங்கிக்காய் அளவுகூட இல்லை. அப்பா அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு என் தலையிலேயே வைத்தார்.

முதல் தோப்பிலேயே என் புகழ் பரவிவிட்டது. வேறு ஊர் வண்டிகளின் பிள்ளைகள் எல்லாம் தூளியைத் தொட்டுப் பார்க்க வரிசை கட்டினார்கள். விடிந்ததும் அண்ணன் பாயை உதறினான். கொழுத்த தேள் ஒன்று விழுந்து ஓடியது. அவன் ஒரே தாவலில் என் தூளிக்குள் இருந்தான். வேண்டிய மட்டும் கெஞ்சவிட்டுத்தான் இடம் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டு எல்லோரும் சாய்ந்திருந்தபோது, சின்னம்மா என்னிடம் வந்து, "நான் செத்த நேரம் படுத்துப் பாக்கவா?" என்று கேட்டாள். பெருந்தன்மையோடு அனுமதித்தேன். அவள் ஏறிப் படுத்து, இரண்டு ஓரங்களையும் இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டாள். முகம்கூடத் தெரியவில்லை. வெள்ளைச் சேலை முழுக்க மறைந்து, ஒரே சிவப்பு.

வெள்ளைச் சேலை அதில் ஏறியதைப் பார்த்திருந்த பக்கத்து வண்டிக்காரப் பெண், உள்ளே இருப்பது யார் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். அம்மா எழுந்து நின்றாள்.

"எந்தங்கச்சி. பிள்ளைக்குக் கட்டுன தூளி, ஆடுறா. ஒங்களுக்கென்ன?"

அம்மா வெளியாட்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வெயில் தாழ்ந்தும் சின்னம்மா இறங்கவில்லை. என் முறை வந்துவிட்டதென்று கயிற்றைப் பிடித்து உலுக்கப் போனேன். அம்மா என் கையைப் பற்றி மெல்ல இழுத்துத் தன்னருகே உட்கார்த்திக்கொண்டாள். உள்ளேயிருந்து சின்னம்மா மெதுவாகச் சிரிப்பது கேட்டது.

என் தூளி அவ்வளவு சுகம் என்று நினைத்துக்கொண்டேன்.