கொடிமரத்திலிருந்து விழுந்த ஈயக்குண்டு

"பூமி ஓடுதுன்னு சொல்றதுக்கா டீச்சர் ஒங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

போன வாரம் என்னிடம் இப்படிக் கேட்டவர் செல்வம் அண்ணன். கோட்டைப்பட்டினத்தில் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறார். நான் பிசிக்ஸ் நடத்தும் பதினோராம் வகுப்பில் அவர் மகள் பவித்ரா படிக்கிறாள். 'இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம், காமர்ஸுக்கு மாத்துங்க' என்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் குரூப் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆபீஸிலும் தாராளமாகச் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் பவித்ரா... அழுது முடித்த கண்களோடு.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என்னைச் சந்தேகப்படுவது பலருக்குப் பொழுதுபோக்கு, பழகிவிட்டது. ஆனால் என்னோடு சேர்த்து பூமியையும் சந்தேகப்பட்டால் எப்படி?

"நெசமாவே ஓடுதுண்ணே," என்றேன்.

"ஓடுனா, மேல எறியிற கல்லு பின்னாடில்ல போயி விழணும்? ஓடுற படகுல இருந்து ஒரு வெறும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பாருங்க. படகு அங்கிட்டுப் போயிரும், பாட்டிலு இங்கிட்டுக் கெடக்கும். நீங்க இலுப்பூர்ப் பக்கம். கண்மாயைத் தாண்டி என்னத்தப் பாத்தீங்க?"

சிரிக்காதீர்கள். இதே கேள்வியைத்தான் பெரிய பெரிய அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கேட்டார்கள். ஓடும் கப்பலின் கொடிமரத்து உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் பின்னால்தான் விழும் என்று அடித்துச் சொன்னார்கள். யாராவது கப்பலில் ஏறிப் போட்டுப் பார்த்தார்களா? எதற்கு? அதான் புத்தகத்திலேயே இருக்கிறதே.

ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் போட்டே பார்த்தார். (பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எத்தனை மார்க் கேள்வி என்று கேட்பீர்கள்.) கல் நேராகக் கொடிமரத்தின் அடியில் விழுந்தது. கப்பலோடு ஓடிக்கொண்டிருந்த கல், கையை விட்டதும் ஓட்டத்தை நிறுத்திவிடுவதில்லை. பாட்டில் பின்தங்குவது, தண்ணீர் பிடித்து நிறுத்துவதால்.

இதைச் சொன்னதும் செல்வம் அண்ணன் சிரித்தார்.

"சரி டீச்சர். நாளைக்கே போட்டுப் பாத்துருவோம். மரத்தடியில விழுந்தா பாப்பா ஒங்ககிட்டயே படிக்கட்டும். கடல்ல விழுந்தா காமர்ஸு."

"அப்ப நானும் வாரேன்."

"பொம்பளைக படகுல ஏறக் கூடாது டீச்சர். மீனு படாது."

ஆக, எதிர்க்கட்சி வக்கீலே நீதிபதி. சாட்சியும் அவரேதான். 'கடலில் விழுந்தது' என்று ஒரு வார்த்தை சொன்னால் பவித்ராவின் பிசிக்ஸ் முடிந்தது. மீன்களுக்கு என் மேல் அப்படி என்ன கோபமோ...

மறுநாள் படகு வரும் நேரத்துக்கு நானும் பவித்ராவும் படகுத்துறையில் நின்றோம். வந்தது. செல்வம் அண்ணன் எங்கள் பக்கம் திரும்பாமல் மும்முரமாக மீன் பெட்டி இறக்கினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"கல்லைப் போட்டேன். மரத்தடியில விழுந்துச்சு. ஸ்பீடு பத்தலைன்னு நல்லா ஏத்திவிட்டுப் போட்டேன். அப்பயும் அங்கனயேதான். அப்புறம் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு..." நிறுத்திக்கொண்டார்.

"ஈயக்குண்டு?"

அவர் படகில் வேலை செய்யும் முருகன் ஒற்றைக் காலை நொண்டியபடி முன்னால் வந்தார். "மரத்தடியில நின்னு பாருடான்னாரு, நின்னேன். டீச்சர், பூமி ஓடட்டும், இல்ல நிக்கட்டும். என் கட்டைவிரலு வீங்கிப்போச்சு."

விஞ்ஞானத்துக்காக ரத்தம் சிந்தியவர்கள் பட்டியலில் இவரைச் சேர்க்க யாருமில்லை.

செல்வம் அண்ணன் மகளைப் பார்த்தார். "பிசிக்ஸே படி," என்றார். அபராதம் கட்டுகிறவர் குரலில். பவித்ரா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்... கொஞ்சம் வேகமாகவே.

இந்தச் சின்ன விஷயம் புரியாமல்தான் அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் கோள்களைத் தள்ளிக்கொண்டு போக தேவதூதர்களை நியமித்திருந்தார்கள். தள்ளாவிட்டால் நின்றுவிடுமாம். தள்ள ஆளே வேண்டாம், ஓடுவது தானாக ஓடும், நேராக ஓடிவிடாமல் சூரியன் இழுத்து வளைத்தால் போதும் என்று தெரிந்த அன்றைக்கு அத்தனை தேவதூதர்களுக்கும் வேலை போனது. வட்டம்தான் தெய்விகம் என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். செவ்வாய் அதைப் படிக்கவில்லை போலும், நீள்வட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது. வருஷக் கணக்கில் கணக்குப் போட்டுத் தோற்றபிறகுதான் ஒருவர் வட்டத்தைக் கைவிட்டார். கணக்கை மாற்றுவது சுலபம், மனசை மாற்றுவதற்குத்தான் அத்தனை வருஷம்.

செல்வம் அண்ணனுக்கு ஒரே நாள் போதுமாயிருந்தது. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கல்லு சரி டீச்சர். ஆனா சூரியன் கடல்ல இருந்து எந்திரிச்சு வர்றதைத் தெனம் பாக்குறேன். எல்லாம் நம்மளத்தான் சுத்துது. இல்லைன்னு காட்டிட்டீங்கன்னா, காலேஜ்லயும் பிசிக்ஸே எடுக்கட்டும்."

வியாழனுக்கென்று சொந்தமாக நிலாக்கள் இருக்கின்றன. அவை வியாழனைத்தான் சுற்றுகின்றன. நம்மை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சின்ன டெலஸ்கோப்பிலேயே தெரியும்.

நேற்று ஆர்டர் போட்டுவிட்டேன். டெலிவரி அட்ரஸ் — செல்வம் அண்ணன் வீடு.