பூவுக்குத்தான் ஏசி

மல்லிகைப் பூவை முகர்ந்தால் எனக்கு முதலில் வருவது துணிசோப்பு வாசனைதான். நீல நிறத்தில் கட்டி கட்டியாக வெட்டி விற்பார்களே, அந்தச் சோப்பு. அதற்குப் பின்னால் ஈர இரும்பின் வாசனை கொஞ்சம் வரும், இரண்டையும் தாண்டித்தான் பூ வரும். இப்படி ஒரு மூக்கு எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று எண்ணி, சொல்லக் கூச்சப்பட்டு, இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட வருடம் அது. மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அப்பா, ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். போர்ட் பிளேரில் "நீலாம்" விட்ட ஒரு பழைய வெள்ளைக் காரை எடுத்து வந்திருந்தார். ஏலத்தை எங்கள் தீவில் அப்படித்தான் சொல்வோம். யாரோ ஒரு பெரிய சாகிப் ஏறிப்போன கார் என்பதால் அதில் ஏசி இருந்தது. இருந்தது என்றால், பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஓர் உறுமலும் கொஞ்சம் தூசியும், சில நாள் ஒரு கரப்பான் பூச்சியும் வரும். குளிர் மட்டும் வராது.

அதைப் பழுது பார்க்கும் எண்ணம் அப்பாவுக்கு வந்ததே அக்காவின் கல்யாணத்தால்தான். மழை மாதங்களில் எங்கள் ஊர் மல்லிக்கொடி மொட்டு விடாது. சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேருக்கு வரும் பூவை, நாள் முழுக்க ஓடும் பஸ்ஸில் ரங்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அப்படி வந்து சேர்ந்த பூ தேயிலைத்தூள் மாதிரி கிடந்தது. கடைசியில் பெண்ணுக்கு பிளாஸ்டிக் பூவை வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, நகையைப் பற்றியோ புடவையைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. "எனக்குக் கறுக்காத மல்லி மட்டும் வேணும்ப்பா" என்றாள். அப்பா அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுப் பலாமரத்தடியில் வேலை தொடங்கியது. டாஷ்போர்டைக் கழற்றியபோது, காற்று வரும் பெட்டிக்குள் ஓர் எலி தேங்காய் நாரும் கருவாட்டுத் துண்டுமாகக் குடித்தனம் நடத்திய அடையாளம் கிடந்தது. "சாகிப்பை விட இதுதான் சொகுசா இருந்திருக்கு" என்றார் அப்பா. அம்மாவின் தம்பி, என் மாமா, முன்பு லாரியில் கிளீனராக இருந்தவர். தனக்குத் தெரியாத வண்டி இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் ஏசி என்றதும் அவரே ஒரு முழம் தள்ளி நின்றார். அதனால் பஜாரில் பிரிட்ஜ் பழுது பார்க்கும் வங்காளிக்காரரைக் கூட்டி வந்தார்கள். ஊருக்கே அவர் "தாதா", அதாவது அண்ணன். பிரிட்ஜுக்கு அடைக்கிற கேஸ்தான் அந்தக் காலத்துக் காருக்கும். ஆனால் ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடைத்தால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

தாதா குழாய்களில் காற்றை ஏற்றினார். துணிசோப்பை வாளியில் நுரைக்கக் கரைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பூசிப் பார்க்கச் சொன்னார். எங்கே குமிழ் விடுகிறதோ அங்கே ஓட்டை. டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த இடுக்கில் ஆண்களின் கை ஒன்றும் நுழையவில்லை. அக்கா வளையலைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, காருக்குள் மல்லாந்து படுத்து, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு நுரையைத் தடவினாள்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "கல்யாணப் பொண்ணு கையப் பாரு, கிரீஸு! மாப்ள வீட்டுல மெக்கானிக்கையா பொண்ணு பாத்துட்டுப் போனோம்னு கேக்கப்போறாங்க."

"பூ கறுக்காம வந்தாச் சரிம்மா. கை கறுத்தா மருதாணிய வச்சு மறைச்சுக்கலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்த நொடி, "தாதா! புடுக் புடுக்குன்னு வருது!" என்று கத்தினாள்.

தாதா தலையைக் குனிந்து பார்த்து, "அரே பேட்டி, ஷாதி பாத் மே! பெஹ்லே மேரே துக்கான் மே ஆஜா" என்றார். கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் என் கடைக்கு வேலைக்கு வா என்று. அம்மாவே சிரித்துவிட்டாள்.

ஓட்டையைப் பற்றவைத்து, கேஸ் அடைத்து, அப்பா பொத்தானை அழுத்திய சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் முறை வைத்துக் காருக்குள் உட்கார்ந்து நடுங்கினோம். இடுக்குகளில் ஒட்டியிருந்த நுரையால் குளிர்காற்றே சோப்பாக மணத்தது. அம்மா இறங்கும்போது, "துவைச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பூ வாங்க, அப்பாவும் மாமாவும் நானும் அதற்கும் முதல் நாளே போர்ட் பிளேர் போய்த் தங்கினோம். போகும்போது வேர்த்து ஊற்றியும் அப்பா ஏசியைத் தொடவில்லை. "பூவுக்குத்தான் ஏசி. நமக்கு எதுக்கு? நாம என்ன வாடவா போறோம்?" என்றார்.

வாழையிலை சுற்றிய பூக்கூடையை, முன்சீட்டில் மாமாவின் காலடியில், நேராகக் குளிர் விழும் இடத்தில் வைத்துக்கொண்டு திரும்பினோம். நடுவில் வரும், பழங்குடிகளுக்கென்று பாதுகாக்கப்பட்ட காட்டைக் கடக்கும்போது வண்டிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல் போக வேண்டும். காட்டின் நடுவில் மாமா, "மச்சான், காலு சில்லுங்குது" என்றார். "ஏசின்னா சில்லுன்னுதான் இருக்கும் மாப்ள." கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கடகடவென்று தண்ணீர் நுரையோடு மாமாவின் புதுப் பேண்டில் கொட்டியது. "ஐயோ பூவு!" என்று கூடையை வாரித் தலைக்கு மேல் தூக்கினார். வண்டியை நிறுத்த வழியில்லை. ஏசியை அணைத்தால் பூ வெந்துவிடும். போட்டால் தண்ணீர் ஏறும். அப்பா அணைக்கவில்லை. அக்காவின் முகத்தை நினைத்து எனக்கு அழுகை முட்டியது. கை மரத்துப்போன மாமா கூடையைப் பின்பக்கம் நீட்ட, வாங்கி மடியில் வைத்து, காற்றுவரும் பக்கமாகவே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

வண்டிகளை ஏற்றும் படகுத்துறையில் அப்பா காருக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது கையில் ஒரு சிறு குழாயும், அதன் வாயை அடைத்திருந்த நீலச் சோப்பும் இருந்தன. பூவுக்குக் காத்திருந்த நேரத்தில், காரை முன்கூட்டியே குளிர வைக்க அப்பா ஏசியைப் போட்டிருந்தபோது, அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டுவதை மாமா பார்த்திருக்கிறார். குளிரும் ஏசி தண்ணீர் விடும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? கேஸ்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, லாரிக்காரர்கள் டீசல் டேங்கை அடைக்கிற மாதிரி, டிக்கியில் கிடந்த சோப்பைப் பிசைந்து அடைத்துவிட்டார்.

"டீசலுக்கே நிக்கும் மச்சான். இதுக்கு நிக்காதுங்கிறீங்களா?"

"நின்னுச்சே மாப்ள! நல்லா நின்னுச்சு. அதான் அம்புட்டும் உள்ள வந்துருச்சு."

அப்பா சிரித்துச் சிரித்துத் துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். வாழையிலையைப் பிரித்தபோது ஒவ்வொரு மொட்டும் அரிசி மாதிரி வெளுத்திருந்தது. அவள் அள்ளி முகர்ந்தாள், மாமாவின் நனைந்த பேண்டைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மறுநாள் கல்யாணத்துக்கு வந்த பெண்களெல்லாம் அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

இப்போது அந்தக் கார் இல்லை, பலாமரம் இல்லை, மாமாவும் இல்லை. தாதாவின் கடை இருந்த இடத்தில் மொபைல் விற்கிறார்கள். ஏசி இல்லாத வாடகைக் காரை எங்கள் சாலையில் தேடத்தான் வேண்டும். போன மாதம் மாயாபந்தரில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தெர்மாகோல் பெட்டியில் பூ வந்து இறங்கியது. யாரும் அதை ஓர் அதிசயமாகப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் ஒரு சரத்தை எடுத்து முகர்ந்து, யோசித்து, என் பக்கம் நீட்டினாள்.

"எல்லாம் இருக்குடா தம்பி. சோப்பு வாசனைதான் இல்ல."

நான் எழுந்து சோப்பு தேடக் கிளம்பினேன். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷின்தான் நின்றது. கடைகடையாக ஏறி இறங்கி, கடைசியில் படகுத்துறைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் கண்டுபிடித்தேன். மறுநாள் காலை, தாய்மாமன் சீர் வைக்கும்போது, பட்டுக்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு கட்டி நீலச் சோப்பையும் வைத்தேன். இது எந்த ஊர் வழக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் அக்காவிடம் கேட்டார்கள். பதில் சொல்ல அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.